இன்ஜினியரைப் பற்றியும் கொஞ்சம் ஆராய்வோம்

ஆசிரியருக்கு வணக்கம்,

பொறியியல் கலந்தாய்வு சீசன் வந்துவிட்டால் பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக கட்-ஆஃப்தான். தப்பில்லை, எங்கள் வீட்டிலும் முதலில் அதைத்தான் புரட்டுகிறோம். ஆனால் நானூறுக்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள் உள்ள மாநிலத்தில், ஒரு இன்ஜினியர் எப்படி உருவாகிறார், வேலைக்குப் போனபின் யார் சொல்லுக்குக் கட்டுப்படுகிறார், எந்த இடத்தில் வாயை மூடிக்கொள்கிறார் என்றெல்லாம் உட்கார்ந்து பேச ஒரு கூட்டம் நடந்ததாக நான் படித்ததில்லை.

வெளிநாட்டில் இதற்கென்றே ஆட்கள் கூடுகிறார்கள். 2004-இல் பாரிஸில் ஒரு சர்வதேச ஆய்வாளர் வலையமைப்பு தொடங்கியது, 2009 முதல் அதற்கென ஓர் ஆய்விதழும் வருகிறது. வரலாறு, சமூகவியல் படித்தவர்களும் இன்ஜினியர்களும் கலந்து உட்கார்ந்து, பாலத்தைப் பற்றி அல்ல, பாலம் கட்டுகிறவர்களைப் பற்றிப் பேசுகிறார்கள்.

வேலையற்ற வேலை என்று தோன்றினால் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலத்தைப் பாருங்கள். 1986 ஜனவரி 27 இரவு, இந்தக் குளிரில் பூஸ்டர் ராக்கெட்டின் இணைப்புகளில் உள்ள ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, ஏவ வேண்டாம் என்று அதைத் தயாரித்த நிறுவனத்தின் இன்ஜினியர்கள் தொலைபேசிக் கூட்டத்தில் சொன்னார்கள். அதே நிறுவனத்தில் ஒரு மேலதிகாரி இன்னொருவரிடம், இன்ஜினியர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியை மாட்டிக்கொள்ளச் சொன்னது பின்னால் விசாரணையில் வெளிவந்தது. மறுநாள் ஏவினார்கள், ஏழு உயிர் போனது. பல ஆண்டுகள் ஆவணங்களைக் குடைந்து 1996-இல் சமூகவியலாளர் டயான் வாகன் சொன்னது இன்னும் பயங்கரம்: யாரும் துணிந்து விதியை மீறவில்லை, முந்தைய பயணங்களில் வளையம் அரிக்கப்பட்டும் ஒன்றும் ஆகவில்லையே என்று அதுவே கொஞ்சம் கொஞ்சமாக சகஜமாகிப்போனது.

அப்புறம் சென்னை மவுலிவாக்கம். 2014 ஜூன் 28, கட்டிக்கொண்டிருந்த பதினோரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் செத்தார்கள், பெரும்பாலும் ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் பிழைக்க வந்த தொழிலாளர்கள். தூண், அஸ்திவாரம் எல்லாம் அலசினோம், சரி. ஆனால் ஒரு சைட்டில் "நிறுத்துங்க" என்று சொல்ல யாருக்கு வாய் இருக்கிறது? கம்பி கட்டுகிறவருக்கா, மேஸ்திரிக்கா, போன வருஷம் டிகிரி முடித்து, முதலாளி போன் வந்தாலே எழுந்து நின்று பேசும் சைட் இன்ஜினியருக்கா?

இன்ஜினியர்களைப் பற்றிப் பேசும் அப்படி ஒரு கூட்டம் கிண்டி பொறியியல் கல்லூரியில் நடக்கட்டும். 1794-இல் சர்வே பள்ளியாகத் தொடங்கிய கல்லூரி. இந்தியாவின் முதல் பெண் இன்ஜினியர்களில் ஒருவர், கைக்குழந்தையோடு விதவையான லலிதா, அங்கே பேராசிரியராக இருந்த அப்பா முயன்றதால் உள்ளே வந்து 1940-களில் இன்ஜினியரான இடம். உள்ளே யார் வர முடிந்தது, யார் தயவால் வர முடிந்தது என்பதே ஒரு நாள் பேசத் தாங்கும். ஒரே ஒரு வேண்டுகோள், நம் கல்லூரிகளின் 'சர்வதேச மாநாடு' மாதிரி பதிவுக் கட்டணம், பை, சான்றிதழ், குரூப் போட்டோ என்று முடித்துவிடாதீர்கள். மேஸ்திரியும் மேடையேறட்டும். அரசுப் பள்ளியில் தமிழில் படித்து 7.5 சதவீத ஒதுக்கீட்டில் வந்து, ஃபிட்டிங் லேபில் இரும்புத் துண்டை அரத்தால் ராவி சதுரமாக்குவதில் வகுப்பிலேயே முதலாக நின்று, வைவா என்கிற வாய்மொழித் தேர்வில் இங்கிலீஷ் வராமல் திணறும் முதலாமாண்டுப் பிள்ளையும் பேசட்டும்.

அதுவரைக்கும் உங்கள் கலந்தாய்வுச் சிறப்புப் பக்கங்களில், கல்லூரி விளம்பரம் போக மீதி இடம் இருந்தால், இவர்களுக்கு அரைப் பக்கம் கொடுங்கள்.

ஒரு வாசகர்,
தாம்பரம்