செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, காசிமேட்டு உறுப்பினர்களே, வணக்கம்.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். தெருவிளக்கு, குடிநீர் மனுக்களைச் சென்ற கூட்டத்திலேயே விரிவாகப் பேசிவிட்டோம். ஆகவே இவ்வறிக்கையைச் சுகாதாரப் பணிக்கே ஒதுக்குகிறேன்.

பிறந்த குழந்தையை உடனே உலர்ந்த துணியால் துடைத்து, தாயின் மார்போடு வெறும் மேனியாகச் சேர்த்துப் போர்த்தி வைக்க வேண்டும் என்பதையும், 1 மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும் என்பதையும், குளிப்பாட்டுவதை 24 மணி நேரமாவது தள்ளிப்போட வேண்டும் என்பதையும், நம் தொண்டர்கள் கர்ப்பிணிகளின் வீடுகளுக்கே சென்று எடுத்துரைத்தனர். "குளிக்காத புள்ளைய எப்படிம்மா மடியில வாங்குறது?" என்று ஒரு பாட்டி கேட்டார். மேனியில் படிந்திருக்கும் வெள்ளைப் பூச்சு அழுக்கல்ல, குழந்தைக்கு இயற்கை தந்த காப்பு என்று விளக்கிய பிறகே அவர் சமாதானமானார். பேரப்பிள்ளையின் நாவில் சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைப்பது பாட்டிமாரின் ஆசை. அதை வேண்டாமென்று தடுப்பதோடு நில்லாமல், துவைத்து வெயிலில் காயவைத்த பழைய பருத்திப் புடவைத் துண்டுகளை மருத்துவமனைப் பைக்குள் எடுத்துவைக்கும் பொறுப்பை அவர்களிடமே ஒப்படைத்தோம். இது நல்ல பலன் தந்தது. பால் குடிக்க மறுத்தாலோ, மூச்சு வாங்கினாலோ, உடல் சில்லிட்டாலோ காத்திராமல் 108 ஐ அழைக்க வேண்டும் என்பதும் வீடுதோறும் சொல்லப்பட்டது.

கத்திரி வெயிலில் வீடு வீடாகச் சென்ற தொண்டர் ஒருவர் மூன்றாம் மாடிப் படிக்கட்டில் மயங்கி விழுந்தார். நண்பகலில் அவரை அனுப்பியது நம் தவறு. அதன்பின் காலை 10 மணிக்கு முன்பும் மாலை 4 மணிக்குப் பின்பும் மட்டுமே, இருவர் இருவராக, தண்ணீரும் உப்பு சர்க்கரைக் கரைசல் பொட்டலமும் எடுத்துக்கொண்டு செல்கின்றனர்.

கொட்டகையில் இறால் உரிக்கும் பெண்களின் நிலை என்னை மிகவும் வருத்துகிறது. பனிக்கட்டி நீரில் ஊறி விரலிடுக்குகள் வெடித்திருக்கின்றன. அருகில் கழிப்பறை இல்லாததால், கர்ப்பிணிகள்கூடத் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டு, சிறுநீரை மணிக்கணக்கில் அடக்குகின்றனர். கர்ப்பகாலச் சிறுநீர்த் தொற்று குறைப்பிரசவத்துக்கும் வழிவகுக்கலாம். எனவே பச்சிளங்குழந்தைப் பராமரிப்பு அந்தக் கொட்டகையிலேயே தொடங்கியாக வேண்டும். கையுறையும் முட்டளவுக் காலணியும் வாங்க நிர்வாகக் குழு ஒப்புதல் அளித்துள்ளது. கழிப்பறை கோரும் மனு மேசைமீது இருக்கிறது. உறுப்பினர் அனைவரும் கையொப்பமிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்