கன்னத்தில் விடும் ஒரு அறை அடியில் சேருமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பெண்கள் மீதான வன்முறை பற்றிக் கல்லூரியில் பாடம் வைத்தால் மாணவர் மனம் மாறுமா என்று சென்ற இதழில் கேட்டிருந்தீர்கள். வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் இந்தப் பாடத்தை மூன்று பருவம் எடுத்த கௌரவ விரிவுரையாளர் நான்.

தேசிய குடும்ப நல ஆய்வில் ஏழு காரணம் சொல்லி, இதற்காகக் கணவன் அடிப்பது சரியா என்று கேட்கிறார்கள். சொல்லாமல் வெளியே போனால், சமையல் சரியில்லாவிட்டால், எதிர்த்துப் பேசினால்... இப்படி. முதல் வகுப்பில் அதையே துண்டுச் சீட்டில் கொடுப்பேன். பேர் வேண்டாம், பெண்களுக்கு மட்டும் மஞ்சள் சீட்டு. 'சரி'க்கு டிக் அடித்ததில் மஞ்சளும் குறைவில்லை. பருவக் கடைசியில் அதே சீட்டில் எல்லாம் 'தப்பு'. முதல் வருஷம் எனக்கு ஒரே சந்தோஷம். மதிப்பெண் போடுகிற டீச்சருக்கு எந்தப் பதில் பிடிக்கும் என்று பதினெட்டு வயசுக்குத் தெரியாதா என்ன!

அப்புறம் ஒரு பையன் சீட்டின் பின்பக்கம் எழுதினான்: "அடிப்பது தவறு. ஆனால் ஒரு அறை எல்லாம் அடியில் சேராது மேடம்." பாடத்தை எங்கே தொடங்க வேண்டும் என்று அன்றைக்குத்தான் எனக்குப் பிடிபட்டது. இப்போது எது அடி என்பதிலிருந்தே தொடங்குகிறேன். 2005 குடும்ப வன்முறைச் சட்டப்படி ஏச்சும் வன்முறை, மனைவியின் கூலியைப் பிடுங்கிக்கொள்வதும் வன்முறை. இதைச் சொன்னதும் குடியாத்தத்திலிருந்து வரும் பிள்ளைகள் சிரித்துவிட்டார்கள். "அப்போ எங்க தெருவே உள்ளே போகணும் மேடம்." பீடி சுற்றும் அம்மாவின் கூலி சனிக்கிழமை யார் சட்டைப்பையில் இருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

இந்தச் சட்டத்தில் எடுத்தவுடனே ஜெயில் இல்லை, முதலில் 'இனி இப்படிச் செய்யாதே' என்று நீதிமன்றம் போடும் பாதுகாப்பு உத்தரவு, அதை மீறினால்தான் தண்டனை என்றேன். சிரிப்பு அடங்கியது. "அம்மாவுக்குப் பதில் நான் போய்ச் சொல்லலாமா?" என்று கேட்டான் ஒருவன். சொல்லலாம்; இதற்கென்று அரசு நியமித்த பாதுகாப்பு அலுவலரிடம் யார் வேண்டுமானாலும் தகவல் கொடுக்கலாம்.

அவன் அன்றைக்கு வகுப்பில் இருந்ததால் கேட்டான். மகளிர் தினக் கருத்தரங்கு என்றால் பெண்களை அரங்கில் உட்கார வைத்துவிட்டு, பையன்களைக் கிரிக்கெட் ஆட அனுப்பிவிடுகிறோம். அடுத்த மார்ச்சிலாவது மைதானத்தைப் பூட்டி வையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு விரிவுரையாளர்,
காட்பாடி.