ஆளைத் தேடுமுன் வேலையைச் சொல்லுங்கள்: தேர்வுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

தேர்வுக் குழுவில் இருப்பவர்களுக்கு வணக்கம்.

வட்டாரப் பொருளாதார மேம்பாட்டு முகமைக்குத் தலைமை அதிகாரி தேவை என்ற உங்கள் விளம்பரத்தை இரண்டு முறை படித்தேன். முதலீட்டைக் கொண்டுவர வேண்டும், சிறுதொழில்களைத் தூக்கிவிட வேண்டும், இளைஞர்களுக்குப் பயிற்சி தர வேண்டும், எல்லாத் துறைகளையும் இழுத்துப் பிடித்து ஒருங்கிணைக்க வேண்டும், போதாததற்கு 20 ஆண்டு உயர்பதவி அனுபவம் வேறு. சரி, இவ்வளவும் செய்யப் போகிறவர் எவ்வளவு தொகை வரை தானே முடிவெடுக்கலாம், அவரும் வாரியத் தலைவரும் முரண்பட்டால் யார் பேச்சு செல்லும்? அதற்கு ஒரு வரிகூட இல்லை.

இது சின்ன விஷயம் இல்லை. அமெரிக்காவில் 1933-இல், அணை கட்டி வெள்ளத்தைத் தடுத்து மின்சாரமும் தயாரிக்கும் வட்டார மேம்பாட்டு அமைப்பான டென்னசி பள்ளத்தாக்கு ஆணையத்தைத் தொடங்கியபோது மூன்று பேரை இயக்குநர்களாகப் போட்டார்கள். தலைவர் ஆர்தர் மார்கன் வெள்ளத் தடுப்புப் பொறியாளர், ஹார்கோர்ட் மார்கன் பல்கலைக்கழகத் தலைவராக இருந்தவர், டேவிட் லிலியன்தால் வழக்கறிஞர். (இரண்டு மார்கன்களும் சொந்தக்காரர்கள் இல்லை.) மூவருமே கெட்டிக்காரர்கள்தான். ஆனால் தனியார் மின் நிறுவனங்களோடு ஒத்துப்போவதா, மோதுவதா என்பதில் தலைவருக்கும் லிலியன்தாலுக்கும் முட்டிக்கொண்டது, சண்டை தெருவுக்கு வந்தது, கடைசியில் 1938-இல் அதிபர் ரூஸ்வெல்ட் தலைவரையே நீக்க வேண்டியதாயிற்று. ஆள் தேர்வு மோசம் என்று யாரும் சொல்ல முடியாது; முரண்பட்டால் யார் பேச்சு செல்லும் என்பது தெளிவாக இல்லாததுதான் கோளாறு.

அயர்லாந்தின் ஷானன் கதை வேறு மாதிரி. அட்லாண்டிக் கடலைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக இறங்கிய இடம் அது. ஜெட் விமானங்கள் வந்தால் அங்கே நிற்காமலே பறந்துவிடும் என்ற பயம். அதைச் சமாளிக்க 1959-இல் மேம்பாட்டு நிறுவனம் தொடங்கியபோது தலைமைக்கு வந்த பிரெண்டன் ஓ'ரீகன், விமான நிலையத்தில் உணவு வசதியைக் கவனித்துக்கொண்டிருந்தவர், 1947-இல் அங்கேயே வரியில்லாக் கடையைத் திறந்தவர். வேலை என்ன என்பது பளிச்சென்று தெரிந்தது: விமான நிலையம் வெறிச்சோடக் கூடாது, சுற்றுவட்டாரத்தில் பிழைப்பு இருக்க வேண்டும். சமையலறைப் பக்கத்திலிருந்து வந்த அவருடைய விண்ணப்பம் உங்கள் முதல் சல்லடையைத் தாண்டியிருக்குமா?

நேர்காணலுக்கு முன்பு ஒரே ஒரு பக்கம் எழுதி வெளியிடுங்கள்: முதல் மூன்று ஆண்டுகளுக்கு இரண்டே இரண்டு இலக்கு, நிதி அதிகாரத்தின் எல்லை, யாருக்குப் பதில் சொல்ல வேண்டும், யாருடைய சிபாரிசு போனை அவர் எடுக்காமல் விடலாம். கடைசியாகச் சொன்னதை எழுத உங்களுக்குச் சங்கடமாக இருக்கும், தெரியும். அப்புறம் அந்த 20 ஆண்டு நிபந்தனையையும் எடுத்துவிடுங்கள்.

இந்த வேலைக்குப் பொருத்தமான மூன்று நான்கு பேரை எனக்கே தெரியும். நீங்கள் அந்த ஒரு பக்கத்தை எழுதி வெளியிட்டதும் விண்ணப்பிக்கச் சொல்கிறேன். இப்போதிருக்கும் விளம்பரத்தைக் காட்டிச் சொல்ல மனம் வரவில்லை.