ஆச்சி படத்துக்கு ஒரு சட்டம்

தாராவி, மும்பை

அன்புள்ள செல்விக்கு,

நீ, மாப்பிள்ளை, குட்டி எல்லோரும் சௌக்கியம்தானே? அப்பாவுக்கு வழக்கமான மழைக்கால இருமல். மற்றபடி இங்கே ஒரு குறையும் இல்லை.

ஆச்சி படத்தை பார்சலில் போட்டாயிற்று. 90 அடி ரோட்டில் பொங்கல் பானை பக்கத்தில் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நிற்பாளே, அந்தப் படம். அசல் இங்கே பீரோவில் இருக்கிறது, உனக்கு வருவது நகல். வீடியோவில் அதற்கு நான் அட்டையில் செய்த சட்டத்தைக் காட்டியபோது, நானும் குட்டியும் ஒன்று செய்யணும், எப்படின்னு சொல்லும்மா என்றாய். போனில் சொன்னால் பாதி உன் காதில் விழாது, மீதியைக் குட்டி கேட்க விடமாட்டாள். அதனால் எழுதுகிறேன்.

அட்டைக்கு நமக்கு எங்கே பஞ்சம்? பழைய சாமான் பிரிக்கிற 13-ஆம் காம்பவுண்டில் ஊர்ப்பட்ட அட்டைப்பெட்டி வந்து இறங்குகிறது. கிழிந்த ஓரத்தை வெட்டி, மறுபடி பின் அடித்து, வேறு பெட்டியாக விற்றுவிடுகிறார்கள். நீ அங்கே ஆன்லைனில் வாங்கும் சாமான் வரும் பெட்டியே போதும். ஆனால் ஒற்றை அட்டையை நம்பாதே, ஈரம் பட்டால் வளைந்துவிடும். அட்டைக்குள்ளே நெளிநெளியாக ஓடுகிறதல்லவா, ஒன்றில் அது நெடுக்கு வாட்டத்திலும் இன்னொன்றில் குறுக்கு வாட்டத்திலும் வருகிற மாதிரி இரண்டை வெட்டி ஒட்டு. இது நம் சந்துப் பையன்கள் சொல்லிக்கொடுத்தது. 2018-இல் இங்கே தெர்மோகோலுக்குத் தடை வந்ததிலிருந்து கணபதி அலங்காரத்தை அவர்கள் அட்டையிலேதான் செய்கிறார்கள். ஒட்டியதும் அரிசி டப்பாவைத் தூக்கி மேலே வைத்துவிட்டு மறுநாள் வரை மறந்துவிடு.

ஆச்சி படம் 6 அங்குலத்துக்கு 8. நடுவில் வெட்டும் ஜன்னல் ஐந்தரைக்கு ஏழரை, அப்போதுதான் படத்தின் ஓரம் சுற்றிலும் கால் அங்குலம் உள்ளே மறைந்து நிற்கும். படத்தின் அளவுக்கே வெட்டினால் படம் முன்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடும்.

பசைக்கு ஃபெவிகால்தான். மைதா காய்ச்சலாம், செலவில்லை, ஆனால் ராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் நாமே சோறு வைத்த மாதிரி. பைண்டிங் கடைக்காரர்கள் அதில் மயில்துத்தம் கலப்பார்கள். அது விஷம், குட்டி இருக்கிற வீட்டில் வேண்டாம்.

இனி மேல் அலங்காரம். வீடியோ போடுகிறவர்கள் இதில்தான் குறியாக இருக்கிறார்கள். பாசிமணி, பட்டன், ஐஸ் குச்சி, சிப்பி என்று அப்பி வைத்துவிடுகிறார்கள், அப்புறம் படத்தைத் தேட வேண்டியிருக்கிறது. நான் போட்டது ஒரே ஒரு ஜரிகைக் கரை, ஆச்சியின் அரக்குப் பட்டில் வெட்டியது. சேலையின் உடம்பு பூராவும் மடிப்பு மடிப்பாகக் கிழிந்துவிட்டது, கரை மட்டும் அப்படியே இருந்தது. பழைய பட்டு வாங்குகிறவன் தெருவில் கூவிக்கொண்டு போவான், ஜரிகையை எரித்து வெள்ளி எடுப்பார்களாம். நான் கொடுக்கவில்லை. ஒட்டும்போது பசையைத் துணியில் தடவாதே, அட்டையில் தடவு. அதுவும் மெல்லிசாகத் தடவி, விரலில் பிசுபிசுவென்று ஒட்டுகிற பதம் வந்தபிறகு துணியை வை. ஈரமாக வைத்தால் பசை ஊறி மேலே வந்து ஜரிகை கறுத்துத் தெரியும். மூலையில் துணியை வெட்டாமல் கோணலாக மடித்துத் திருப்பு, நூல் பிரியாது.

வெளி ஓரத்தில் வளையம் வளையமாகத் தெரிவது பேப்பர் குழல். பேப்பரை நீளப் பட்டையாகக் கிழித்து, சைக்கிள் கம்பியில் சாய்வாகச் சுற்றி, கம்பியை உருவிவிட வேண்டும். ஒரு முனை சிறுத்தும் ஒரு முனை அகன்றும் வரும், ஒன்றுக்குள் ஒன்றைச் செருகி நீளம் கூட்டலாம். குட்டிக்கு ஏற்ற வேலை இதுதான்.

உடைந்த வளையலை ஏன் வைக்கவில்லை என்று கேட்பாய். ஆச்சி உயிரோடு இருந்தபோது உடைந்த கண்ணாடியை வீட்டில் வைக்க விட்டாளா? அவள் படத்தைச் சுற்றி அதை ஒட்ட எனக்குத் தைரியமில்லை. பின்பக்கம் பார், பழைய கல்யாணப் பத்திரிகை. மூலையில் மஞ்சள் கூட இருக்கிறது. பிள்ளையார் போட்ட அட்டையைக் குப்பையில் போடவும் மனசில்லை, வெட்டவும் மனசில்லை. முழுசாக முதுகில் ஒட்டிவிட்டேன். அதில் ஒரு லாபமும் உண்டு. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் காயும்போது அட்டையை இழுத்து வளைத்துவிடும், இரண்டு பக்கமும் ஒட்டினால் நிமிர்ந்து நிற்கும்.

படத்தை மட்டும் ஒட்டவே ஒட்டாதே. மூலைக்கு ஒரு முக்கோணக் காகிதம் வைத்து அதில் செருகு, வேண்டும்போது எடுக்கலாம். படத்துக்குப் பின்னால் ஒரு நல்ல வெள்ளைத் தாள் கொடு, சாதா அட்டையும் பேப்பரும் நாளாவட்டத்தில் பழுப்பேறிப் படத்தையும் பழுப்பாக்கிவிடும். முன்னால் சேலைப் பெட்டி மூடியின் கண்ணாடித் தாள் வைத்திருக்கிறேன், பார்சலில் உடையாது. அது படத்தைத் தொடாதபடி நடுவில் சுற்றிலும் ஒரு மெல்லிய அட்டைப் பட்டை உண்டு. பழைய போட்டோவின் மேல்பூச்சு ஜெலட்டின். நம் மழைக்காலத்தில் அது இளகிக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். பிரித்தால் ஆச்சியின் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். டப்ளினிலும் மழைதான் என்கிறாய், அதனால் நகலுக்கும் அப்படியே செய்தேன்.

நிற்க வைக்கப் பின்னால் ஒரு கால் இருக்கிறது. அது சறுக்காமல் இருக்க அடியில் ஒரு நாடா கட்டியிருக்கிறேன், அறுந்தால் அதே நீளத்துக்கு மாற்று. ஹீட்டருக்கு மேலேயும் வெயில் நேராக விழுகிற ஜன்னலிலும் வைக்காதே.

குட்டிக்குக் காது குத்தின படத்துக்கும் ஒரு சட்டம் செய்யட்டுமா? உன் சீமந்தச் சேலையின் ரவிக்கைத் துண்டு இங்கேதான் கிடக்கிறது. படத்தை ஸ்கேலால் அளந்து அனுப்பு. அங்குலத்தில் எழுது, சென்டிமீட்டர் என்றால் அப்பா கணக்குப் போட உட்கார்ந்துவிடுவார்.

அன்புடன்,
அம்மா