தருமர் தேர் இறங்கியது, ஆங்குக்கு ஒன்றும் ஆகவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மீசை முளைத்த பிள்ளைகள் பொம்மைப் படத்துக்காகச் சண்டை போடுகிறார்களே என்று சென்ற இதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் என் மகனும் அந்த ரகம்தான். ஆனால் போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுத் திண்ணையில் அவனும் அவன் சிநேகிதனும் போட்ட சண்டையைக் கேட்ட பிறகு, அந்த வாசகர் சொன்னதை என்னால் ஏற்க முடியவில்லை.

2005 முதல் 2008 வரை 61 எபிசோடுகள் வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’ என்ற அமெரிக்கக் கார்ட்டூன் தொடர் பற்றிய சண்டை அது. முதல் சீசனில் ‘தி கிரேட் டிவைட்’ என்று ஒரு எபிசோட். பரம்பரைப் பகை கொண்ட இரண்டு குலத்தார் ஒரு பெரிய பள்ளத்தாக்கைச் சேர்ந்து கடக்க வேண்டும். கடைசியில் தொடரின் நாயகனான சிறுவன் ஆங், “நீங்கள் நினைப்பதுபோல் அன்று பகையே இல்லை, அது வெறும் விளையாட்டு” என்று ஒரு பழங்கதையை எடுத்துவிட, இரு தரப்பும் சமாதானமாகிவிடுகிறது. அவன் சொன்னது முழுப் பொய். சமாதானம் வந்துவிட்டதே, அது போதாதா என்றான் சிநேகிதன். முடிச்சை அவிழ்க்கத் தெரியாமல் அறுத்துவிட்டார்கள் என்றான் மகன்.

உள்ளே படுத்திருந்த என் மாமனார் எழுந்து வந்தார். பென்னாகரம் பக்கம் எங்கே கூத்து நடந்தாலும் விடியும்வரை உட்கார்ந்து பார்த்த மனுஷர். “நம்ம தருமரும் பொய் சொன்னாரு. அசுவத்தாமன் செத்தான்னு சத்தமா சொல்லிட்டு, யானைங்கிறத வாய்க்குள்ள முழுங்கிட்டாரு. அதுவரைக்கும் தரையில படாம நாலு விரக்கடை மேல நின்ன தேரு, அப்பவே மண்ணுல எறங்கிடுச்சு. உங்க கதையில வர்ற பையனுக்கு என்னாச்சு?”

ஒன்றும் ஆகவில்லை. சொன்ன பொய்க்கு ஆங் எந்த விலையும் கொடுக்கவில்லை. சிநேகிதன் வாயடைத்துப் போனான். என் மகன் சொல்லத் தவித்ததும் அதுதான்.

இருவரும் சண்டையில்லாமல் ஒத்துக்கொண்ட எபிசோடும் ஒன்று உண்டு: ‘டேல்ஸ் ஆஃப் பா சிங் சே’. ஆறு குட்டிக் கதைகள். அதில் ஐரோ என்ற பெரியவர் அழும் குழந்தைக்குப் பாட்டுப் பாடுகிறார். கத்தியோடு வழிமறித்தவனுக்கு டீ போட்டுக் கொடுக்கிறார். பிறகு குன்றின்மேல் ஒரு மரத்தடியில், இறந்துபோன மகனின் படத்தை வைத்து, குழந்தைக்குப் பாடிய அதே பாட்டைப் பாடும்போது குரல் உடைந்துபோகிறது. அன்று அந்த மகனுக்குப் பிறந்தநாள். ஐரோவுக்குக் குரல் கொடுத்த மாகோ 2006-ல் காலமானார். அந்தக் கதையை அவருக்கே காணிக்கையாக்கியிருக்கிறார்கள். நான் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சினிமா விமர்சனத்துக்கு வாராவாரம் இடம் ஒதுக்குகிறீர்கள். இந்தத் தொடர்களின் எழுத்துக்கும் ஒரு பக்கம் கொடுங்கள், ஐயா. சுட்டி டிவியில் வந்த கார்ட்டூனில் ஜாக்கி சான் பேசிய தமிழை என் மகன் இன்றைக்கும் அப்படியே ஒப்பிப்பான். அந்த வசனத்தை எழுதியவர் யார் என்று எங்களுக்குத் தெரியாது. அவர்களைத் தேடிப்பிடித்து ஒரு பேட்டியும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
பாலக்கோடு, தருமபுரி மாவட்டம்.