கெட்டது பொத்தானாக இருக்கலாம்

அன்புள்ள தம்பிக்கு,

மடிக்கணினியின் மதர்போர்டையே மாற்றவேண்டும் என்று கடைக்காரர் சொன்னதாகச் சொன்னாய். பவர் பொத்தானைப் பலமுறை அழுத்தினால் ஒருமுறை எழுகிறது, எழுந்தபின் ஒரு தொந்தரவும் இல்லை என்றும் நீயேதான் சொன்னாய். மதர்போர்டு போன கணினி பெரும்பாலும் அப்படி நாள் முழுக்க உழைக்காது. பணம் கொடுக்காதே.

வீட்டு விளக்குச் சுவிட்சைப் போல இந்தப் பொத்தான் வழியாக மின்சாரம் முழுவதும் ஓடுவதில்லை. அழுத்தும்போது இரண்டு முனைகள் தொட்டுக்கொள்ளும். எழ வேண்டும் என்ற குறிப்பு மட்டும் போர்டுக்குப் போகும். ஆகவே சந்தேகம் முதலில் அந்தச் சின்னச் சுவிட்சின்மீதும், அதிலிருந்து போகும் பட்டை ஒயரின்மீதும்தான் வரவேண்டும்.

இப்போது ஓடிக்கொண்டிருந்தால் அணைக்காதே. கோப்புகளை நகலெடுத்துவிடு. மூடியை மூடினால் உறங்கும்படி வைத்துக்கொள். சில மாடல்களில் சார்ஜரைச் செருகியதும் தானே எழும் வசதி பயாஸில், அதாவது கணினியின் அடிப்படை அமைப்புகள் உள்ள திரையில் இருக்கும், அதையும் பார்.

திறப்பதென்றால் சார்ஜரைக் கழற்றிவிட்டு, அடிமூடியை எடுத்ததும் முதல் வேலையாக பேட்டரி இணைப்பை விடுவி. திருகாணிகள் ஒரே நீளத்தில் இருக்காது. காகிதத்தில் படம் வரைந்து, கழற்றிய இடத்திலேயே ஒட்டி வை. பட்டை ஒயரை இழுக்காதே. அது செருகியிருக்கும் இடத்திலுள்ள சின்னப் பூட்டை நகத்தால் மெல்லத் தூக்கினால் தானாக வரும். பாலிடெக்னிக் ஆய்வகத்தில் மாணவர்கள் உடைத்த பூட்டுகளுக்கு நான் கணக்கே வைத்ததில்லை.

நான் கொடுத்தனுப்பிய மல்டிமீட்டரை, இணைப்பு இருந்தால் 'பீப்' அடிக்கும் நிலையில் வை. சுவிட்சுக்கு நான்கு கால்கள் இருந்தால், எதிரெதிர் மூலையில் உள்ள இரண்டை மீட்டரின் முனைகளால் தொடு. பக்கத்துக் கால்கள் உள்ளேயே இணைந்திருக்கக்கூடும், ஏமாற்றிவிடும். அழுத்தினால் சத்தம் வரவேண்டும், விட்டால் நிற்கவேண்டும். விட்டுவிட்டு ஒலித்தால் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் ஒரு துளி விட்டு, பலமுறை அழுத்தி, நன்றாகக் காயவிட்டுப் பார். டீ டம்ளரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வேலை செய்கிறவனுக்கு அழுக்குதான் காரணமாக இருக்கும் என்பது என் ஊகம். சுவிட்ச் சரியாக ஒலித்தால் பட்டை ஒயரைச் சோதி.

பொத்தான் விசைப்பலகையோடு சேர்ந்திருந்தால் மட்டும் நீ கைவைக்காதே. பல மாடல்களில் அதை மேல்மூடியோடு பிளாஸ்டிக்கை உருக்கி ஒட்டியிருப்பார்கள். பழகிய கை வேண்டும்.

அடியில் உள்ள ஸ்டிக்கரைப் படமெடுத்து அனுப்பு. பொத்தான் தனிப் போர்டில் இருந்தால் அதை இங்கேயே விசாரித்து வாங்கி அனுப்புகிறேன்.

அன்புடன்,
அம்மா