ஒரு கட்டம் கொடுங்கள்: மருத்துவமனைக் கணினித் திட்டங்களை முடிவு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து மருத்துவமனைகளில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வார்டுக்குக் கணினி வந்ததும், பழைய பதிவேடுகள் ஒன்றுகூடக் குறையாமல் அதுவும் ஒரு வேலையாகச் சேர்ந்துகொண்டதும் உங்களுக்குத் தெரிந்த விஷயம். அதையெல்லாம் மறுபடி சொல்ல இந்த மடலை எழுதவில்லை. ஒரே ஒரு கோரிக்கை. நோயாளியின் பதிவைத் திறந்ததும் முதலில் கண்ணில் படுகிற இடத்தில், பரம்பரைக் காரணத்தால் அவருக்குக் கொடுக்கக் கூடாத மருந்தை எழுத ஒரு கட்டம் வேண்டும். அதை நிரப்பும் உரிமை செவிலியருக்கும் வேண்டும். எழுதிய வரி, அவர் எந்த ஊர் மருத்துவமனைக்குப் போனாலும் கூடவே போக வேண்டும்.

எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு நடந்ததுதான் என்னை எழுத வைத்தது. அவளுடைய சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

முதல் பிரசவத்தில் அவசரமாக சிசேரியன் செய்ய வேண்டியதாகி, முழு மயக்கம் கொடுத்திருக்கிறார்கள். தியேட்டரில் நாங்கள் ஸ்கோலின் என்று சொல்லும் சக்சினைல்கோலின் ஊசி போட்டிருக்கிறார்கள். தொண்டையில் குழாய் இறக்குவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் மருந்து அது. பெரும்பாலோருக்கு ஐந்து, பத்து நிமிடத்தில் அதன் வேலை முடிந்து மூச்சு தானாகத் திரும்பிவிடும். இவளுக்குத் திரும்பவில்லை. மணிக்கணக்கில் வென்டிலேட்டரில் வைத்துக் காத்திருந்திருக்கிறார்கள். மயக்க மருந்து டாக்டர் பொறுப்பானவர். காரணத்தைப் புரிந்துகொண்டு, ரத்தப் பரிசோதனையிலும் உறுதி செய்து, கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கிறார். கணவனைக் கூப்பிட்டு மருந்தின் பெயரை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, "இனி எங்கே ஆபரேஷன் என்றாலும் இதைக் காட்டுங்க" என்றும் சொல்லியிருக்கிறார்.

கேஸ் ஷீட் ரெக்கார்டு அறைக்குப் போய்விட்டது. கையில் கொடுத்த டிஸ்சார்ஜ் சம்மரியில், கணினியில் எல்லோருக்கும் வருகிற அதே வாசகம்தான் வந்தது: அறுவைக்குப் பின் இயல்பு நிலை. கணவன் சீட்டைப் பத்திரமாகத்தான் பர்ஸில் வைத்திருந்தான். பிறகு பிழைப்புக்காகச் சிங்கப்பூர் போனான். சீட்டும் அவனோடு போனது. யாருடைய உடம்பில் அந்த மருந்து ஏறக் கூடாதோ அவளிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மயக்கம் தெளியக் கொஞ்சம் நேரமானது என்பதோடு அவளுக்குத் தெரிந்தது முடிந்தது.

சில வருடம் கழித்து ஒரு ராத்திரி குடல்வால் வெடித்து, வேறொரு மருத்துவமனைக்குத் தூக்கிப் போனார்கள். துணைக்கு மாமியார். டியூட்டி சிஸ்டர் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்: "எந்த மருந்தாவது அலர்ஜி உண்டாம்மா?" இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அது பொய்யில்லை, ஏனென்றால் இது அலர்ஜியே இல்லை. மருந்தை உடைக்கும் என்சைம் உடம்பில் பிறவியிலேயே சரியாக இல்லாத குறை. கணினியில் இருந்த கட்டமோ அலர்ஜிக்கு மட்டும்தான். இதற்கு முன் மயக்க மருந்து கொடுத்ததில் ஏதாவது தொந்தரவு வந்ததா என்று டாக்டரும் கேட்டிருக்கிறார். மாமியார் பழைய சம்மரியை எடுத்து நீட்டியிருக்கிறார். அதில் எல்லாம் இயல்பு. வயிறு காலியாக இல்லாத அவசர கேஸில் சட்டென்று குழாய் இறக்கப் பெரும்பாலும் எடுக்கிற மருந்து ஸ்கோலின். அதையே மறுபடி போட்டிருக்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்து, விழிக்கட்டும் என்று மயக்க வாயுவைக் குறைத்தபோது அவளுக்கு நினைவு வந்துவிட்டது. உடம்பு மட்டும் வரவில்லை. இமையைத் திறக்க முடியவில்லை, விரலை அசைக்க முடியவில்லை, தொண்டைக்குள் குழாய். யாரோ கன்னத்தில் தட்டிப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதும், "ஏன் இன்னும் மூச்செடுக்கல?" என்று பதறிப் பேசிக்கொண்டதும் அத்தனையும் காதில் விழுந்திருக்கிறது. "எனக்கு எல்லாம் கேட்டுச்சு ஆச்சி. செத்துப் போயிட்டேன்னுதான் நெனச்சேன். இனிமே பிள்ளைய யாரு பாப்பான்னு நெனச்சேன்" என்றாள் என்னிடம். பிறகு புரிந்துகொண்டு மறுபடி தூங்க வைத்திருக்கிறார்கள். உயிருக்குச் சேதமில்லை. இன்றுவரை அவள் மல்லாந்து படுப்பதில்லை. விளக்கை அணைக்க விடுவதில்லை.

இரண்டு சம்மரிகளையும் எங்கள் வீட்டு முகப்பில் விரித்து வைத்துப் படித்தேன். இரண்டாவதில் ஓரமாகப் பேனாவால் ஒரு வரி எழுதியிருந்தது. "கம்ப்யூட்டர்ல இதுக்கு இடம் இல்லம்மா, அதனால கையால எழுதித் தர்றேன்" என்று சொல்லி அங்கிருந்த சிஸ்டர் எழுதிக் கொடுத்ததாம். அந்தச் சிஸ்டரை நான் வணங்குகிறேன். ஆனால் ஒரு மனுஷியின் மூச்சு அந்தப் பேனா வரியை நம்பியா இருக்க வேண்டும் என்று உங்களைக் கேட்கிறேன். காகிதம் நனையும், கிழியும், சிங்கப்பூருக்கும் போகும். பதிவுக்குள் ஒரு கட்டம் கொடுங்கள்.

அவளோடு முடிகிற விஷயமும் இல்லை இது. அந்த என்சைமின் பெயர் பியூட்டிரில்கோலினெஸ்டரேஸ். அதற்கான மரபணு மூன்றாவது குரோமோசோமில் இருக்கிறது. தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் குறையுள்ள பிரதி வந்து சேர்ந்தால்தான் இப்படிக் கடுமையாகும். அப்படியென்றால் கூடப் பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. அவளுக்கு ஓர் அண்ணன், ஒரு தங்கை. இருவரிடமும் எந்த மருத்துவமனையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தங்கை இப்போது மாசமாக இருக்கிறாள். கர்ப்பிணிகளுக்கான பிக்மி எண் வாங்கியாகிவிட்டது. ரத்த அழுத்தம், ஹீமோகுளோபின், எடை எல்லாம் ஏறியிருக்கிறது. அக்காவுக்கு மயக்க மருந்தில் என்ன நேர்ந்தது என்று கேட்க அங்கேயும் இடமில்லை.

இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் வேண்டுமோ என்று யாரும் தயங்க வேண்டாம். பூச்சிமருந்து குடித்து வருகிறவர்களுக்குக் கோலினெஸ்டரேஸ் அளவு பார்க்கிறோமே, அதே ரத்தப் பரிசோதனைதான் முதல் படி. வயல்காட்டுப் பக்கத்து அவசரப் பிரிவுகளுக்கு அது பழகிப்போன பரிசோதனை. முடிவு வந்த பிறகு அதை எழுதி வைக்கத்தான் இடமில்லை.

"நீங்க செட்டியாரா?" என்று தியேட்டருக்கு வெளியே சில டாக்டர்கள் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன். காரணம் உண்டு. வைசியர் சமூகத்தில் இந்தக் குறை கூடுதலாகக் காணப்படுகிறது. அவர்களிடம் உள்ள மரபணு மாற்றத்தை, கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு 2006-ல் அடையாளம் காட்டியது. ஆனால் எங்கள் ஊரில் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? வைசியர் வேறு, நகரத்தார் வேறு. பெயருக்குப் பின்னால் செட்டியார் என்று வருவது இருவருக்கும் பொது. இந்தப் பெண்ணோ இரண்டிலும் சேராதவள். கேட்க வேண்டியது சாதியை இல்லை, குடும்பத்தில் யாருக்காவது ஆபரேஷன் மேஜையில் மூச்சு வரத் தாமதமானதா என்பதை.

அதைக் கேட்கச் செவிலியரைவிடப் பொருத்தமானவர் யார்? மூன்று தலைமுறைக் குடும்ப மரம் வரைவது மரபியல் ஆலோசனையின் அரிச்சுவடி. சொந்தத்துக்குள் கொண்டு கொடுத்து வாழ்கிற ஊர்களில் அதன் தேவை இன்னும் கூடுதல். இங்கே ஓர் ஆச்சியின் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தால் போதும், யார் யாருக்குப் பங்காளி, எந்த வீட்டில் மாமன் மகளைக் கட்டினார்கள், எந்தப் பிள்ளை எதனால் தவறியது என்று அத்தனையும் வந்துவிடும். கல்யாணம் ஆனதும் புதுத் தம்பதியை ஒரு 'புள்ளி'யாக, தங்கள் ஒன்பது கோயில்களில் அவரவருக்கு உரிய கோயிலில் பதிந்து வைக்கிற நகரத்தார் வாழும் மண் இது. பர்மாவிலும் மலேயாவிலும் கொடுத்த கடனுக்கு இங்கே பேரேடு இருந்தது. இப்படிக் கணக்கு வைத்துப் பழகிய ஊரில், ஒரு பெண்ணின் உயிரைப் பற்றிய ஒரு வரியை வைக்க மருத்துவமனையில் ஏடு இல்லை என்பது எனக்குத் தாங்கவில்லை.

ஸ்கோலின் ஓர் உதாரணம்தான். வலிப்புக்குக் கொடுக்கும் கார்பமசெபைன், எச்எல்ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்குத் தோல் உரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2007-லேயே எச்சரித்தது. ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் ஜி6பிடி என்சைம் குறைவாக உள்ளவருக்கு மலேரியாவுக்கான பிரைமாகுவின் கொடுத்தால் ரத்த அணுக்கள் உடையும். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் குளோபிடோக்ரல் சிலருக்கு மரபணு காரணமாகவே சரிவர வேலை செய்யாது. மருந்து கொடுக்கும் கடைசிக் கை செவிலியருடையது. அந்தக் கைக்குத் தெரியாத எச்சரிக்கை எங்கே இருந்து என்ன பயன்?

ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணுத் தொகுதியைப் படித்து, 2025 ஜனவரியில் அந்தத் தரவை ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது நம் நாடு. பெருமைதான், நானும் மகிழ்ந்தேன். ஆபா என்ற 14 இலக்கச் சுகாதார எண்ணும் விரும்பும் ஒவ்வொருவருக்கும் தரப்படுகிறது. நோயையும் மருந்தையும் எந்த மென்பொருளுக்கும் புரியும்படி குறிக்க ஸ்னோமெட் சிடி என்ற குறியீட்டுத் தொகுதி இருக்கிறது. 2014 முதல் இந்தியா அதில் உறுப்பினர். இந்தியச் செவிலியர் கவுன்சில் 2021-ல் கொண்டுவந்த புதிய பி.எஸ்சி. பாடத்திட்டத்தில் செவிலியத் தகவலியலும் பாடம், மரபியலும் பாடம். படித்துவிட்டு வார்டுக்கு வருகிற பிள்ளை அந்தப் படிப்பை எங்கே பயன்படுத்துவாள்? அவளுக்கு முன்னால் இருப்பது அலர்ஜி உண்டு, இல்லை என்ற இரண்டு பொத்தான்கள். அதுவும் கணினி காலியாக இருந்தால். டியூட்டியில் இருக்கிற அத்தனை பேருக்கும் ஒரே கணினி, ஒரே பாஸ்வேர்டு. அட்மிஷன் பதிவேட்டில் எழுதியதையே, வார்டில் எத்தனை நோயாளிகள் என்ற தினசரிக் கணக்கான சென்சஸில் எழுதி, அதையே ஆப்பில் ஏற்றி, மாதக் கடைசியில் அதையே அறிக்கையாக அனுப்புகிறாள். இத்தனைக்கு மத்தியில் நோயாளியின் முகத்தைப் பார்த்து உட்கார்ந்து கேட்க அவளுக்கு நேரம் எது? எண்ணிக்கை குறைந்தால் மெமோ வருகிறது. ஒரு நோயாளியைப் பற்றி முக்கியமான ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டால், அதை வாங்கி வைக்க ஆள் இல்லை. கிரிமியப் போரில் சிப்பாய்கள் எதனால் செத்தார்கள் என்று கணக்கெடுத்து 1858-ல் வரைபடமாகவே போட்டுக் காட்டியவர் நைட்டிங்கேல் அம்மையார். கணக்கு எழுதுவது எங்களுக்குப் பாரமில்லை ஐயா. எழுதுவது யாருக்கும் உதவாமல் போவதுதான் பாரம்.

கோரிக்கைக்கு வருகிறேன். மரபணுத் தகவலைப் பதிந்தால் வெளியே தெரிந்துவிடாதா என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள் காதுக்கு 'ரத்தத்தில் ஏதோ குறையாம்' என்று போய்விட்டால் என்ன ஆகும் என்பது எனக்கு உங்களைவிட நன்றாகத் தெரியும். அதனால்தான் நோயின் பெயரையோ சாதியையோ எழுதச் சொல்லவில்லை. 'இந்த மருந்து கொடுக்கக் கூடாது, காரணம் பரம்பரை, உறுதி செய்த தேதி இது' என்ற ஒரே வரி போதும். சிகிச்சை கொடுப்பவர் மட்டும் பார்க்கட்டும், யார் திறந்தார்கள் என்பது பதிவாகட்டும். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-லேயே வந்துவிட்டது. அதைக் காரணம் காட்டித் தகவலை எழுதாமலே விடுவது அவளுக்குப் பாதுகாப்பு ஆகாது. முதலில் அந்தத் தகவல் அவளிடம் போய்ச் சேரட்டும். டிஸ்சார்ஜ் சம்மரியின் முதல் பக்கத்தில், பெரிய எழுத்தில், தமிழில் அந்த வரி அச்சாகட்டும். கணவனிடமோ மாமியாரிடமோ சொன்னதோடு விடாமல், நோயாளியிடமே வாசித்துக் காட்டிய பிறகு செவிலியர் கையெழுத்துப் போடட்டும். உடன்பிறந்தவர்களுக்குச் சொல்லும்படி அவளிடமே ஒரு சீட்டுக் கொடுக்கட்டும்.

அடுத்த வெர்ஷனில் பார்க்கலாம் என்ற பதில் வந்துவிடுமோ என்றுதான் பயமாக இருக்கிறது. தங்கைக்கு நாள் நெருங்குகிறது. அவள் பதிவில் எழுத இடமில்லாததால், தாய்சேய் நல அட்டையின் அட்டைப்படத்தின் மேலேயே சிவப்பு மையில் நான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். பரிசோதனைக்கும் அனுப்பியிருக்கிறேன். இப்படி எழுதிக் கொடுக்க எல்லாத் தெருவிலும் ஓய்வுபெற்ற நர்ஸ் இருக்க மாட்டார்.

ஆகவே, பணிவோடு மறுபடியும் கேட்கிறேன். முதல் திரையில் ஒரு கட்டம், அதை நிரப்பச் செவிலியருக்கு உரிமை, எந்த மருத்துவமனையில் திறந்தாலும் தெரிகிற வசதி. கட்டத்தை எப்படி வடிவமைப்பது என்று பேசக் கூடும்போது, நைட் டியூட்டி பார்க்கிற செவிலியர் இரண்டு பேரையாவது அந்த மேஜைக்குக் கூப்பிடுங்கள். எப்போது செய்வீர்கள் என்று ஒரு தேதியோடு பதில் தர வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவர்,
காரைக்குடி.